கடை இல்லாத இரண்டு நாள்

அந்த ஹோட்டல் எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. பாலவாக்கத்தைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போய், சவுக்குத் தோப்புக்குள் திரும்பினால், யாரோ ஒரு விவசாயி விற்றுவிட்டுப் போன பண்ணை வீடு. சுவரில் கலப்பையை மாட்டி அதற்கு மேல் விளக்குப் போட்டிருந்தார்கள். மாடு கட்டியிருந்த இடத்தில் ஏசி வைத்து, கதவில் 'தொழுவம்' என்று பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். அதுதான் எங்கள் அறை. கொண்டுவந்து விட்ட டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மாட்டுக் கொட்டாய்ல தங்கறதுக்கா தி.நகர்லேர்ந்து இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

அடையாறில் கட்டிக்கொடுத்த மகள், எங்கள் கல்யாண நாளுக்காக இரண்டு நாள் எடுத்துக் கொடுத்த அறை அது. அவள் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். என் கணவருக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. காலையில் ஷட்டரைத் தூக்கப் போகிறவர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். சோற்றைப் பிசையும்போதும் கடைப் பேச்சுதான். கடை கண்ணில் படாத இடத்தில் இந்த மனிதருக்கு என்னிடம் பேச ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

அறைக்குள் நுழைந்தவர் ஜன்னலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கட்டில் விரிப்பின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். எங்கள் கடைவீதி ஆண்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. சாவு வீட்டுக்குப் போனாலும் கோடித்துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கொசுவத்திக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தார். நூல் சாம்பலாகாமல் உருகிச் சுருண்டது.

"ஏட்டி, பாத்தியா? சுத்தப் பருத்தின்னு எழுதிப் போட்டிருக்கான். பாதி பாலியஸ்டர்!"

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தாலி கட்டியபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"வாங்க, வெளிய கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றேன்.

"மேனேஜரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று மணி நேரம் ஆனது. மேனேஜர் நறுக்கென்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புவார் என்று நம்பினேன். அந்த ஆளோ நூல் உருகியதைப் பார்த்து அசந்துபோய், இவரை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் நீச்சல் குளத்தருகே தனியாக உட்கார்ந்திருந்தேன். வைன் கிளாஸில் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். எரிச்சலில் அதையும் குடித்தேன்.

மத்தியானம் எதிரெதிரே இரண்டு இலை போட்டிருந்தார்கள். கையில் ஒரு அளவுச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"எல்லா ரூமுக்கும் விரிப்பு, தலையணை உறை, திரை, மொத்தமும் நம்ம கடைதான். எல்லாம் உன் ராசிட்டி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இலையிலேர்ந்து நிமிராமச் சொல்லுங்க. நான் இன்னைக்கு என்ன புடவை கட்டியிருக்கேன்?"

கல்யாண நாளுக்கென்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்து கட்டிய புடவை. தெரியாமல் விழிப்பார், அதை வைத்து ஒரு சண்டையாவது போடலாம் என்றுதான் கேட்டேன்.

"அரக்குக் கலர், கட்டம் போட்ட காட்டன், எண்பதாம் நம்பர் நூல்" என்றார், சாம்பாரைப் பிசைந்தபடியே. "போன தீபாவளிச் சரக்குல விக்காம நின்னது."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அலமாரியில் இருந்த மற்றப் புடவைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே விற்காமல் நின்றவைதான். எனக்கென்று ஒன்றை அவர் எடுத்ததும் இல்லை, ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அவர்மேல் வந்த கோபம் பாதி என்மேலும் திரும்பியது.

கை கழுவியதும் போனில் வண்டி வரவழைத்தார். சாம்பிள் எடுத்துவரக் கடைக்குப் போகிறாராம்.

"நாளைக் காலையில வந்துருவேன். நீ ஒத்தையில இருந்துக்கிடுவியா?"

"இருபத்தாறு வருஷமா அப்படித்தான இருக்கேன்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.