குறுக்கே நீட்டிய கால்

நடுக்குவாதம் வந்த பிறகு என் கால்கள் சில நேரம் தரையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். வாரம் இருமுறை பிசியோதெரபிக்குப் போவேன். அங்கே பயிற்சி தரும் பெண் என் மனைவியிடம் ஒரு வழி சொன்னாள். நான் நின்றுபோனால் மனைவி தன் காலை என் முன்னால் குறுக்கே நீட்ட வேண்டும். அதைத் தாண்ட நினைத்தாலே என் கால் எழும்பிவிடுமாம்.

“கெட்டுன மாப்பிளைக்க முன்னால கால நீட்டவா? என்னால ஏலாது மக்கா” என்று மறுத்துவிட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்று பயிற்சி முடிந்து மணவாளக்குறிச்சி சாலையைக் கடக்கையில் பாதி வழியில் கால் உறைந்துவிட்டது. வளைவில் மணல் லாரி ஹாரனை அலறவிட்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இழுக்காத ஏட்டி, விழுந்துருவேன்!” என்று கத்தினேன்.

கையை விட்டாள். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை என் முன்னால் நீட்டினாள். “தாண்டுங்க!”

தாண்டினேன். அடுத்த அடிகள் தாமாக வந்தன.

ஓரம் சேர்ந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “லாரி வாற நேரம் செருப்பக் கழத்திட்டு நிக்கியா?”

“பின்ன, செருப்புக் காலயா ஒங்க முன்னால நீட்டுவேன்?” என்றாள்.

நடுச்சாலையில் நாங்கள் நின்றிருந்த இடத்தில் அந்தச் செருப்பு நசுங்கிக் கிடந்தது.