வெள்ளைக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம்

நண்பர்களே, இன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

தென்காசியில் எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டு சமைக்கும் கல்மேடை எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. கல்லின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அங்கேதான் உடையும் என்று பயந்து, பம்பு ஸ்டவ்வையும் தண்ணீர்த் தவலையையும் வலது ஓரத்துக்கு மாற்றியிருந்தோம்.

குற்றாலத்தில் வேலை பார்க்கும் கல்தச்சரை இன்று கூட்டிவந்து காட்டினேன்.

“இதுக்கா பயந்திய அண்ணாச்சி? இந்தக் கோடு விரிசல் இல்ல, வெங்கச்சங்கல்லு. பூமிக்குள்ள பாறை வெடிச்ச இடத்துல புகுந்து இறுகுனது. மத்த கல்லு போனாலும் இது போவாது.”

பிறகு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். மேடை முழுக்கத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கல் காய்ந்தது. வலது ஓரத்தில் மட்டும் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு காயவே இல்லை.

“தண்ணி உள்ள இறங்குது. விரிசல் அடி வரைக்கும் இருக்கும்” என்று குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

மேடைக்கு அடியில், குளிர்ச்சியாக இருக்கிறதென்று என் மகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“தாயி, மெதுவா வெளிய வா” என்றார்.

கல்லைக் கழற்றியாயிற்று. உங்கள் வீட்டில் எதற்குப் பயந்து எதன்மேல் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்? தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.