ஒரு வாரம் முன்னதாகச் சொன்ன தேதி

2004, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், சனிக்கிழமை காலையில் உமேஷ் ஜெர்மனிக்குக் கிளம்பினான். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனிடம் சூடாமணி சொன்னது ஒன்றுதான்.

“பிப்ரவரி இருபது. மறந்துராதடா.”

“அனுப்பிருவேன்க்கா.”

“மாப்ள, அக்காவுக்கு உன் மேல இல்ல, உன் கீபோர்டு மேலதான் பாசம்” என்றான் கூட வந்திருந்த பாண்டியராஜன்.

சூடாமணி கோச்சடையில் டைப்பிங் வேலை செய்து பிழைப்பவள். மாலை நேரங்களில் அவள் பார்த்தது சம்பளமில்லாத வேறு வேலை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத, சிலர் அவரவர் வீட்டிலிருந்து மென்பொருள் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எழுத்துரு, எழுமலை ஊர்க்காரன் பாண்டியராஜனுடையது. தட்டுவதை எழுத்தாக மாற்றும் கீபோர்டு மென்பொருள் உமேஷுடையது. இரண்டும் பொருந்தினால்தான் எழுத்து வரும். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெளிவர வைத்து ஒரே சிடியில் சேர்ப்பது அவள் பொறுப்பு. அதற்கு அவளிடம் இருந்த அதிகாரம் கெஞ்சுவது மட்டும்.

மார்ச் பத்தாம் தேதி பேரையூரில் நாற்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவர்களுக்குப் பிடித்தால் நாற்பது பள்ளிக்கூடங்களுக்குப் போகும். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு அத்தோடு சரி. உண்மையில் பிப்ரவரி இருபத்தேழு போதும். டெய்லரிடம் கல்யாணத் தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொல்வதுபோல அவள் எல்லாரிடமும் இருபது என்றாள். டெய்லரிடம் பொய் சொல்லிப் பழகிய ஊர்தானே, எல்லாரும் தாங்களே ஒரு வாரம் கூட்டிக்கொண்டார்கள். உமேஷும் எப்போதும் அப்படித்தான். ஆனால் வழியனுப்ப வந்த இடத்தில் சொன்ன தேதியை அவன் நம்பிவிட்டான்.

இருபதாம் தேதியே மெயில் வந்தது. “லைப்ரரில மூணு மணி நேரம் காத்துக் கிடந்து அனுப்புறேன்க்கா. இனி ஒரு மாசம் நெட் கிடைக்காது.”

அன்றே ஒருமுறை சோதித்தாள். இருபத்தாறாம் தேதி பாண்டியராஜன் புது எழுத்துரு அனுப்பினான். எழுத்துகளின் இடங்களை மாற்றியிருந்தான்; உமேஷின் கீபோர்டு பழைய இடங்களையே தேடும். அசதியில் அவள் மறுபடி சோதிக்கவில்லை.

பேரையூரில் ஒச்சாயி டீச்சர் தன் பெயரை அடித்தார். திரையில் கட்டம் கட்டமாக வந்தது.

“ஏம்மா, எம் பேரையே ஏத்துக்க மாட்டேங்குதே!” எல்லாரும் சிரித்தார்கள். திரையின் ஓரத்தில் கீபோர்டு செய்தவர் பெயரைப் படித்த ஒருவர், “யாரு இந்த உமேசு? அரைகுறையா விட்டுட்டாரே” என்றார்.

தப்பு என்னுடையது என்று சூடாமணி சொல்லவில்லை. சிடிகளை அட்டைப்பெட்டியில் திருப்பி அடுக்கி பஸ் ஏறினாள். ஒரு மாதம் கழித்து உமேஷுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். “எங்கிட்டயாவது நெசத் தேதிய சொல்லிருக்கலாம்க்கா” என்று ஒரு வரி வந்தது. பிறகு எதுவும் இல்லை.

அதற்குப்பின் அவள் நிஜத் தேதியைத்தான் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு வெளியீடும் ஒரு வாரம் தாமதமாக வந்தது. மறுபடி எல்லாவற்றையும் சோதித்தாள், மறுபடி கெஞ்சினாள்.

2010 ஜூனில் உமேஷிடமிருந்து ஒரு மெயில் வந்தது.

“அக்கா, இங்க முப்பது பேருக்கு நாந்தான் இப்போ தேதி சொல்றேன். போன மாசம் ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வச்சேன். ஒருத்தன் மட்டும் நம்பிட்டான். அவனுக்கு என்னன்னு எழுதுறது?”