நடு ஸ்டேஷன்

மகள் டோக்கியோவில் வேலைக்குப் போனதிலிருந்து, பனி பார்க்க வாங்க வாங்க என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பனியைப் பார்க்காமல் செத்துப்போனால் என்ன குறைந்துவிடும் என்று நானும் தட்டிக்கழித்து வந்தேன். பம்பாயில், செம்பூர் வீட்டில் ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே எனக்குத் தும்மல் வரும். இதில் பனிமலை ஒரு கேடா? ஆனால் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பிறகு எனக்குள் வேறொரு பயம் புகுந்துவிட்டது. இப்போது போகாவிட்டால் அப்புறம் இவரைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியாதோ என்கிற பயம். அதனால்தான் டிக்கெட் போடச் சொன்னேன். மகளிடம் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை.

அவர் மறக்க ஆரம்பித்திருந்தார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை; அது எனக்கும் உண்டு. மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போன மனுஷர், நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த காட்கோபர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் நல்ல மனுஷர்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அவருடைய போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சில டெஸ்டுகள் எழுதிக் கொடுத்தார். ஜப்பான் போய்விட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டேன்.

மகளுக்குத் தெரிந்தால் வேலையை உதறிவிட்டு அடுத்த பிளைட்டில் வந்து நிற்பாள். ஒற்றைப் பிள்ளை, அப்பா என்றால் உயிர். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வீடியோ காலில் அவர் பேச்சுத் தடுமாறினால் குறுக்கே புகுந்து நான் பேசிவிடுவேன். அப்பாவைக் கொஞ்சம் பேச விடேன் என்று அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

அவள் கூட்டிப்போனது நாகானோ பக்கம் ஒரு பனிச்சறுக்கு ஊர். மார்ச் கடைசி, சீசன் முடிகிற நேரம் என்பதால் கூட்டம் குறைவு என்றாள். ரோட்டோரம் குவித்து வைத்த பனி அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. ஓடையெல்லாம் உருகிய தண்ணீர் சலசலவென்று ஓடியது. கூரைகளிலிருந்து திடீர் திடீரென்று பனிக்கட்டி சரிந்து தொப்பென்று விழும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். வழுக்குகிற இடத்தில் இவர் விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தேன். புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாதிரி இருக்கீங்க என்று மகள் கேலி செய்தாள். மறுநாள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டின்போது அவர் மூன்றாவது தடவையாக, இது யாரு வீடு என்று மெல்லக் கேட்டார். மகள் டீ எடுக்கப் போயிருந்தாள். தப்பித்தேன்.

அன்றைக்குத்தான் மலை உச்சிக்குப் போனோம். கம்பியில் தொங்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுகள் வரிசையாகப் போகின்றன. அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன், மலை நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. கூண்டு முழுசாக நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். கதவு திறந்திருக்கும்போதே ஏறிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேலைக்குப் போன காலம் முழுவதும் வி.டி. ஸ்டேஷனில் லோக்கல் வண்டி நிற்கும் முன்பே தாவி ஏறி ஜன்னலோரம் பிடித்தவர் அல்லவா? மகள் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். கையுறை மாட்டுவதற்காக நான் அவர் கையை விட்டேன். அவ்வளவுதான், ஓடிப்போய்த் தாவி ஏறிவிட்டார். எதிர் சீட்டில் கைக்குட்டையை விரித்து எங்களுக்கு இடம் வேறு போட்டார். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குள்ளிருந்து வா வா என்று கையைக் காட்டியபடியே மேலே போய்விட்டார்.

நாங்கள் பின்னாலேயே ஏறப் போனோம். அங்கே இருந்த ஊழியர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, முன்னால் நின்ற சறுக்குப் பலகைக் கும்பலை முதலில் ஏற்றினார். உச்சியில் நிற்பார், எங்கே போயிடப் போறார் என்று மகள் சிரித்தாள். அடுத்து வந்த கூண்டில் நான் முதல் ஆளாக ஏறினேன். நடு ஸ்டேஷனில் எங்கள் கதவு திறந்தபோது வெளியே எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கியிருந்தது, வாசலை மறித்துப் பலகையும் ஆளுமாக நின்றார்கள். இது நம்ம ஸ்டாப் இல்லம்மா என்று மகள் என்னை இழுத்து உட்காரவைத்தாள்.

உச்சியில் அவர் இல்லை.

மகள் உடனே அவர் நம்பருக்கு அடித்தாள். என் கைப்பைக்குள் மணி அடித்தது. அவர் இரண்டு தடவை தொலைத்ததிலிருந்து போனை நான்தான் வைத்திருந்தேன். அப்பா போன் உன்கிட்ட ஏன் இருக்கு என்றாள். அவர் கோட்டு பாக்கெட்டில் ஜிப் சரியில்லை என்று ஏதோ உளறினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அங்கிருந்த ஊழியரிடம் ஓடினாள். வெளியே காற்று ஆளைத் தள்ளியது. பனிச்சரிவு கண்ணுக்கெட்டிய தூரம் இறங்கி மேகத்துக்குள் போய் மறைந்தது. வேலி என்று பெயருக்கு ஒரு கயிறு. மாட்டுங்கா போகிறேன் என்று காட்கோபர் போன மனுஷர், வீட்டுக்குப் போகிறேன் என்று இந்த மலையில் இறங்கி நடந்துவிட்டால்? ஐயோ, டெஸ்டைத் தள்ளிப்போட்ட பாவி நான்தானே! அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் குர்லா ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் குர்லா ஸ்டேஷன் கூட்டத்தில் அவர் வண்டிக்குள் தள்ளப்பட்டுப் போய்விட்டார். நான் பிளாட்பாரத்தில் நின்றேன். அடுத்த வண்டியைப் பிடித்து நான் காட்கோபர் போக, அவர் வித்யாவிஹாரில் இறங்கி எனக்காகக் குர்லா திரும்பிவர, அன்று பொழுது முழுக்க ஒருவரை ஒருவர் தேடி அலைந்தோம். அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பம்பாயில் குடும்பம் நடத்துகிற எல்லோர் வீட்டிலும் இருக்கிற சட்டம்தான்: வண்டியில் போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், விடுபட்டவர் பின்னால் வர வேண்டும்.

"ஏட்டி, அப்பா நடு ஸ்டேஷன்லதான் நிப்பாக. கேக்கச் சொல்லு" என்று கத்தினேன்.

ஊழியர் வாக்கிடாக்கியில் கேட்டார். ஆமாம், ஒரு பெரியவர் இருக்கிறார். ஹீட்டர் போட்ட அறைக்குள் வரச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார் என்று பதில் வந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காற்று பலமாக இருந்ததால் கீழே போகிற கூண்டை மெதுவாகத்தான் விட்டார்கள். அது ஆடிய ஆட்டத்துக்கு, கும்பிடாத சாமி இல்லை.

ஈரத்தில் தூணோரமாக நின்றிருந்தார். அங்கே வேலை பார்க்கிற பெண் அவர் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தாள்.

"எவ்வளவு நேரம்ளா நிக்கது?" என்று என்னைத்தான் கோபித்தார்.

அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பார்த்தியாட்டி, அப்பா சட்டத்தை மறக்கலை என்று மகளிடம் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். இத்தனை வருஷத்துக்கு முன்னால் போட்டதை ஞாபகம் வைத்திருக்கிற ஆளுக்கா மறதி? டாக்டராவது மண்ணாங்கட்டியாவது. அந்தச் சமயத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கம்பளியை மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சறுக்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

"கூட்டத்தையே காணோம்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாளா? மெகா பிளாக் போட்டுட்டானா?"

தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் வண்டிகளை நிறுத்தி வைப்பார்களே, அதைத்தான் கேட்டார். மகள் குபீரென்று சிரித்தாள். அந்த ஜப்பான் பெண்ணுக்கும் அவள் பாஷையில் எடுத்துச் சொன்னாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அவர் கண் மட்டும் மேலே சுவரில், அடுத்த வண்டி எப்போது என்று காட்டுகிற இண்டிகேட்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

மகள் போனை எடுத்துக்கொண்டாள். அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க, வீடியோ எடுக்கேன் என்றாள். வழக்கம்போல நான் குறுக்கே புகுந்து எதையாவது பேசி மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

"போனை உள்ள வைட்டி. அப்பா வேடிக்கைக்குச் சொல்லல" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் போனை இறக்கவில்லை. அதில் தெரிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

"சீக்கிரம் எடும்மா," என்றார் அவளிடம். "வண்டி வந்துரும்."