அவளுக்கு ஸ்ப்ரே, எனக்கு ஊசியா?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் என் ஓர்ப்படி ஷீலாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். அவள் பாட்டுக்குத் தடதடவென்று படியேறுவாள். நானோ மூட்டு முடக்குவாதத்தோடு மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கி வருவதற்குள் உட்கார இடம் தேடுவேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால், ஃப்ளூ தடுப்பு மருந்துக்காக இருவரும் பக்கத்து கிளினிக்குக்குப் போனோம். அவளுக்கு ஊசியே இல்லை. டாக்டர் மூக்கில் ஸ்ப்ரே அடித்தார், முடிந்தது. இதிலுமா இவளுக்கு அதிர்ஷ்டம்?

"எனக்கும் அதையே குடுங்க டாக்டர்."

"தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

அவள் முன்னால் என்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை. "தினமும் எதுவும் இல்லை" என்றேன். டாக்டர் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துவிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை போடுவீங்களே?" என்றாள் ஷீலா.

மாத்திரையின் பெயரை நான் சொன்னதும் டாக்டர் ஸ்ப்ரேயைக் கீழே வைத்தார். "நல்லவேளை! அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்மா. ஸ்ப்ரேயில வீரியம் குறைச்ச உயிருள்ள கிருமி இருக்கு. உங்களுக்கு அது ஆகாது. ஊசியில உயிருள்ள கிருமி கிடையாது, அதுதான் சரி."

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், கேட்பதற்கு முன்பே மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிடுகிறேன். என்னைக் காப்பாற்றிய பெருமையை இன்னொரு தடவை ஷீலாவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.