மூன்றாவது கண்ணாடிப் பக்கமிருந்து வந்த குரல்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சிரியுங்கள், எனக்கென்ன, நானும் சிரித்தவன்தான். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, பௌதிகம் படித்து, சாமி கும்பிடச் சொன்னதற்கே அம்மாவோடு சண்டை போட்ட ஆள் நான். யாராவது முனி அடித்தது, காத்து அடித்தது என்று ஆரம்பித்தால், "உனக்குப் பித்தம் ஏறியிருக்கு, எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சுக் குளி" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லி உறவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவன். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. அந்தக் கோபம்தான் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று பிற்பாடு தெரிந்தது, அதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்ப மாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் ஒரு மேட்டுக் காட்டில் எங்களுக்கு ஆராய்ச்சி வேலை. ராணுவம் வேண்டாமென்று கழித்த பழைய சர்ச் லைட், அதாவது தேடுவிளக்குக் கண்ணாடிகள் மூன்றை வானத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். வானத்தில் எங்கோ ஏதோ வெடித்தால் அங்கிருந்து காமா கதிர் கிளம்பும், அது நம் காற்றில் வந்து மோதும்போது நீலமாக ஒரு மினுக்கம், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, மனிதக் கண்ணுக்கு எட்டாது. அதைப் பிடித்து மின்சாரத் துடிப்பாக மாற்ற ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் பெட்டிக்குள் ஒரு டியூப். மூன்று டியூபும் ஒரே சமயத்தில் பார்த்தால்தான் அது வானத்திலிருந்து வந்தது என்று கணக்கு, இரண்டு மட்டும் பார்த்தால் குப்பை. அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் வேலை நடக்கும். பீடி நெருப்புகூடக் கூடாது, டார்ச் அடித்தால் டியூப் போச்சு.

ஆள் இரண்டே பேர். வேனுக்குள் சுவிட்சும், மினுக்கத்தை எண்ணுகிற கவுண்டர் மெஷினும் என் பொறுப்பு. வெளியே கண்ணாடிகள் தாமஸ் பொறுப்பு. நாகர்கோவில் பையன், என் வயதுதான், கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. டியூபுக்குப் போகிற கரண்ட் சாதாரணமில்லை, எங்களுடைய பழைய சப்ளையில் கை வைத்தால் ஆளையே தூக்கிவிடும். அதனால் அவன் டியூப் பெட்டியை மூடிவிட்டு இருட்டிலிருந்து குரல் கொடுப்பான், அதற்குப் பிறகுதான் நான் சுவிட்சைப் போடுவேன்.

காட்டுக்காரி பாவாயியக்கா முதல் நாளே இதைக் கேட்டுவிட்டது. பம்புசெட் கரண்ட் எங்களுக்குக் கொடுத்தது அந்த அக்காதான்.

"ஏனுங் சார், இருட்டுக்குள்ள ஒருக்காக் கூப்புட்டாப் போட்டுருவீங்களா? மூணு தரம் கூப்புடச் சொல்லுங்க சாமி. அதுங்க ரெண்டு தரத்துக்கு மேல கூப்புடாதுங்க."

"எதுங்கக்கா?"

"எதுவோ. நம்ம ஊட்டுக் கரண்டுல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் ஆருக்குப் பதில் சொல்றது? மூணு தரம்னா கரண்டு, இல்லைன்னா இப்பவே கழட்டிக்கோங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தாமஸ்தான் சிரித்துக்கொண்டே, "போகட்டும்டா, கரண்ட் வேணும்ல" என்றான். அப்படித்தான் அது எங்கள் வழக்கமானது.

அது நடந்தது ஓர் அமாவாசையன்று, பொழுது விழுந்து சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. கவுண்டர் திடீரென்று தடதடவென்று ஓட ஆரம்பித்தது, என் சர்வீஸில் அப்படி ஓடிப் பார்த்ததே இல்லை. எதற்காக இரண்டு வருஷமாகக் கொசுக்கடியில் கிடந்தோமோ அதுவே வந்துவிட்டது, ஆனால் பாருங்கள் எங்கள் ராசியை, மூன்றாவது கண்ணாடி செத்துக் கிடக்கிறது! இணைப்பு விட்டிருக்கும். அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, "ஓடுடா, இது நிக்காது, போயிரும்!" என்று கத்தினேன். தாமஸ் அந்தக் கண்ணாடி நின்ற கிணற்றுப் பக்கமாக ஓடினான். வெளியே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், அவ்வளவு இருட்டு.

கொஞ்ச நேரத்தில் தாமஸின் குரல் வந்தது.

"குமரேசா, முடிஞ்சிருச்சு, போடு!"

கை சுவிட்சில் இருக்கிறது. மறுபடியும் வந்தது. அதே வார்த்தை, அதே இழுப்பு, ரெக்கார்டைத் திரும்பப் போட்ட மாதிரி.

"குமரேசா, முடிஞ்சிருச்சு, போடு!"

மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன், வரவில்லை. கவுண்டர் வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது, போட்டுத் தொலைப்போமே என்று விரல் ஏறக்குறைய அழுத்திவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தியது பேய்க்குப் பயந்து இல்லை, நாளைக்குப் பாவாயியக்கா கரண்டைப் பிடுங்கிவிடும் என்ற எரிச்சலில்தான். அந்த எரிச்சலில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"இன்னொரு தரம் சொல்லித் தொலையேன்டா, நாசமாப் போனவனே!"

உடனே ஓர் அலறல்.

"போடாதே! குமரேசா, போடாதே! கை உள்ளே இருக்குடா!"

அப்படியென்றால் முதலில் போடச் சொன்னது யார்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேன் விளக்கைப் போட்டேன். டியூப் நாசமானால் ஆகட்டும். தாமஸ் விழுந்து எழுந்து ஓடி வந்தான், முழங்காலெல்லாம் ரத்தம். வந்தவன் என்னைத் தொடாமல் தள்ளி நின்றே கேட்டான்.

"நீ எங்கே இருந்தே?"

"இங்கேதான்."

"இறங்கவே இல்லையா?"

"இறங்கலைடா. நீ ஏன் போடச் சொன்னே?"

"நான் வாயே திறக்கலை" என்றான். மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனவன் வேலைக்குத் திரும்பவே இல்லை. கவுண்டர் ஓடியதை மின்சாரக் கோளாறு என்று எங்கள் மேலதிகாரி தள்ளிவிட்டார். குரலையும் மனப்பிரமை என்று நானே தள்ளிவைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

பல வருஷம் கழித்து சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகள் கல்யாணத்துக்குத் தாமஸ் வந்தான். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு இணைப்பைச் சரிபண்ணி மூடின பெட்டியைத் திறந்து எவனாவது மறுபடியும் கையை விடுவானா? நீ வந்து பக்கத்துல நின்னே, அதனாலதான்டா விட்டேன். என் தோள்ல கை வச்சே. 'தைரியமா உள்ளே விடு, நான் இங்கேதானே இருக்கேன், அங்கே சுவிட்சைப் போட ஆளே இல்லை'ன்னு சொன்னே. உன் குரல்தான். நானும் கையை முழங்கை வரைக்கும் விட்டுட்டேன். அப்பத்தான் வேனுக்குள்ள இருந்து நீ திட்டினது கேட்டுச்சு."

எனக்கு வாயில் இருந்த வெற்றிலை கசந்துவிட்டது. "அப்போ பக்கத்துல நின்னது?" என்றேன்.

"தோள்ல இருந்து கையை எடுக்கலை. இறுக்கிப் பிடிச்சுச்சு. நீ திட்டினதைக் கேட்டதும் என் காதுகிட்ட வந்து, 'வேன்ல யாருடா அது?'ன்னு கேட்டுச்சு."

ஏமாற்ற வந்தது ஏமாற்றிவிட்டுப் போகட்டும், அதைக்கூட நான் விட்டுவிடுவேன். தாமஸ் கடைசியாகச் சொன்னதைத்தான் விட முடியவில்லை. அது நடுங்கிக்கொண்டே கேட்டதாம். அவனைவிட அது அதிகமாகப் பயந்திருந்ததாம். வேஷம் போட்டது எதற்குப் பயப்பட வேண்டும், தான்தான் குமரேசன் என்று அது நிஜமாகவே நம்பியிருந்தால் ஒழிய?