பேச்சு வருமுன் கண்ணாடி

மூன்று நாற்பதுக்கு என் நாத்தனார் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் கூடத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த மகளுக்குக் கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் பிறந்தவள். ஒன்பது மாதமாகியும் மழலை சரியாக வரவில்லை. வயதான காலத்தில் பெற்றதால் மூளை மந்தமாக இருக்குமோ என்று உறவுக்காரர்கள் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. அதனால் பொழுதெல்லாம் அவளோடு விளையாடினேன். எவர்சில்வர் டப்பாவில் கரண்டிகளைப் போட்டுக் கொட்டுவோம். கிலுகிலுப்பையைத் துண்டுக்கடியில் ஒளித்து, எங்கே என்று கேட்பேன். முன்பெல்லாம் ஒளித்ததும் மறந்துவிடுவாள். அந்த வாரம்தான் துண்டை இழுத்து அதை எடுக்கத் தொடங்கியிருந்தாள். கண்ணில் படாவிட்டாலும் பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

கண்ணாடி என்றால் அவளுக்கு உயிர். உள்ளே இருக்கும் பாப்பாவைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். ஆனால் கண்ணாடியை நான்தான் பிடித்திருப்பேன், அவள் கையில் கொடுத்ததே இல்லை.

நாத்தனார் அதை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"இன்னாடி இது? பேச்சு வர்றதுக்கு முன்ன கண்ணாடி காட்டுனா புள்ள ஊமையா பூடும். டிகிரி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது அண்ணி என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கூடத்து மூலையில் இருந்த யூரியா மூட்டைக்குப் பின்னால் கண்ணாடியைச் சொருகி, மேலே ஒரு சாக்கைப் போட்டார். நான் தோளில் தூக்கிக்கொண்ட மகள் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை தூறியது. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். படி இறங்கும்போது ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

நாத்தனார் குழந்தையைத் தரையில் விட்டு, முன்னால் செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு, கேட்டருகே எதிர்வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். போன் யாருமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. மகள் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தாள். சாக்கு இழுபட்டு, கண்ணாடி உடைந்து சிதறியிருந்தது. புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

மந்தமாம். பாட்டை உதறிவிட்டு, ஒளித்த இடத்தை நினைவு வைத்துத் தவழ்ந்து போய், சாக்கை இழுத்து எடுத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். அதற்குப் பரிசு இந்த ரத்தம்.

ஆட்டோவில் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், கண் போய்விட்டதோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாத்தனார், சொன்னேன் கேட்கவில்லை, கண்ணாடி உடைவது வீட்டுக்கு ஆகாது என்று போனில் தம்பியிடம் புலம்பிக்கொண்டு வந்தார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையில் பிள்ளை இல்லாதிருந்தால் அவரை நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் புருவத்தில் தையல் போட்டார்.  

கம்பெனியிலிருந்து என் கணவர் யூனிபாரத்தோடு வந்து சேர்ந்தார். மகளின் புருவத்தில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். சுவரோரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற தன் அக்காவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்காதான் சொல்லுச்சே, கண்ணாடி காட்டாதன்னு. நீ கேட்டியா?"